ஆவணம் என்னும் உரிமை: பண்டா அச்சே நகரின் அழிவும் மீட்சியும்



மொழியியல் பயின்ற ஒருவன் நிலநடுக்கத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நிலம் ஏன் நடுங்கியது என்று சொல்ல நிலவியலார் இருக்கிறார்கள். கட்டடம் ஏன் சரிந்தது என்று சொல்லப் பொறியியலார் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நகரம் அழிந்தபின் அங்கே எது இருந்தது, யார் வாழ்ந்தார், எந்த நிலம் எவருடையது என்ற வினாக்கள் எழும்போது, அவற்றுக்கு விடை தேடும் பொறுப்பு மொழியிடம் வந்து சேர்கிறது. பெயரும், எல்லையும், சாட்சியும், கணக்கும் சொற்களால் ஆனவை. அச்சொற்கள் கிடைக்காத இடத்தில் செங்கல்லும் சிமெண்டும் இருந்தாலும் நகரம் மீள்வதில்லை. இக்கருத்தை விளக்கவே பண்டா அச்சே நகரத்தை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அந்நகரம் நமக்குத் தொலைவானதன்று. சிலிம் ரிவரிலிருந்து வடமேற்கே, மலாக்கா நீரிணையைக் கடந்தால், ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சுமத்திராவின் வடமுனையில் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு கடல்கடந்த வெற்றிகளை வரிசைப்படுத்தும்போது கடாரத்தையும் இலாமுரி தேசத்தையும் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. கடாரம் நம் கெடா. மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரி என்பது பண்டா அச்சேக்குக் கிழக்கே இன்று லாம்ரே என்று வழங்கும் கடற்கரைப் பகுதி. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் பெயரால் எழுந்த புத்த விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செப்பேடு நெடுங்காலம் லெய்டன் நகரில் காக்கப்பட்டு வந்தது. கடாரம், இலாமுரி, நக்கவாரம், நாகப்பட்டினம் ஆகிய நான்கு கரைகளையும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஒரே அலை தாக்கியது.

அழிவின் அளவு

அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 8.58 மணிக்கு, சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் புவித்தட்டு பர்மியத் தட்டின் கீழே சரியும் இடத்தில், சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் கடலடி பிளந்து நகர்ந்தது. பண்டா அச்சே நகரில் முதலில் நடுக்கத்தால் சில மாடிக் கட்டடங்கள் சரிந்தன. மக்கள் வீதிக்கு ஓடிவந்து நின்றார்கள். நடுக்கம் அடங்கியதென்று அவர்கள் ஆறுதல் கொண்டிருந்த வேளையில், கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் கடல் வந்தது. கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் வரை நீர் புகுந்தது. 2,600 டன் எடையுள்ள மின்னாக்கி மிதவைக் கப்பல் ஒன்று இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இழுத்துவரப்பட்டு வீடுகளின் நடுவே அமர்ந்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் ஏறத்தாழ 227,000 பேர் மடிந்தனர். இந்தோனேசியாவின் பங்கு மட்டும் 160,000-க்கும் மேல். நம் நாட்டில் 68 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர். இலங்கையில் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும் சிதைந்தன.

அழிவை முதலில் பதிவு செய்தவை செயற்கைக்கோள்கள். முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்து, எந்தத் தெரு அழிந்தது, எந்தக் கரை கடலுக்குள் போனது என்று சில நாட்களிலேயே வரைபடம் வரைந்தார்கள். நிவாரணப் பணிக்கு அப்படங்கள் பேருதவி புரிந்தன. ஆனால் அவை மேலிருந்து பார்த்தவை. கூரை இருந்ததா இல்லையா என்று அவற்றால் காட்ட முடிந்தது. அக்கூரையின் கீழ் யார் இருந்தார், அந்த மனை யாருக்குரியது என்று காட்ட முடியவில்லை.

ஈரமான ஏடுகள்

இங்கே 'ஆவணம்' என்ற நம் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று இச்சொல்லைப் படம், பதிவு, குறிப்பு என்று பரந்த பொருளில் வழங்குகிறோம். 'ஆவணப்படம்' என்ற சொல் மாணவர்கள் அறிந்ததே. ஆனால் பழந்தமிழில் ஆவணத்துக்குக் கடைவீதி என்ற பொருளும் உரிமை என்ற பொருளும் உண்டு. பிறகு உரிமையைக் காட்டும் ஓலைக்கு அப்பெயர் நிலைத்தது. அத்தகைய ஓலைகளைப் பதிவு செய்து காக்கும் இடத்தைப் பழங்கல்வெட்டுகள் ஆவணக்களரி என்கின்றன. ஆவணம் என்றால் உரிமைச் சீட்டு என்னும் இந்தப் பொருளை நினைவில் வைத்தால், பண்டா அச்சேயில் நிகழ்ந்தது தெளிவாக விளங்கும்.

நகரத்தின் நில அலுவலகமும் அலையில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான நிலப் பதிவேடுகள் சேற்றில் ஊறிக் கிடந்தன. வெப்பநாட்டில் ஈரத்தாளில் சில நாட்களிலேயே பூஞ்சை படரும். எனவே அந்த ஏடுகளைச் சேகரித்து, உறைய வைத்து, ஜாகார்த்தாவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே இந்தோனேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தார், ஜப்பானிய வல்லுநர்களின் துணையோடு, உறைநிலையிலேயே ஈரத்தை வெளியேற்றி உலர்த்தும் முறையால் அவற்றை மீட்டார்கள். மருந்தும் அரிசியும் கூடாரமும் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், சேறு படிந்த பழைய ஏடுகளுக்கு இத்துணை அக்கறை எதற்கு என்று கேட்டிருக்கலாம். அந்த ஏடுகள் இல்லாமல் எவர் மனையில் எவர் வீடு கட்டுவது?

ஆனாலும், ஏட்டில் ஏறியிருந்த நிலம் சிறு பகுதியே. பெரும்பாலான மனைகளுக்குப் பட்டா இருந்ததில்லை. தந்தை வழி வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அறிவார், கிராமத் தலைவர் அறிவார் என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது. அலை மரத்தையும் வேலியையும் கல்லையும் அழித்தது. சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரையும் பல இடங்களில் கொண்டுபோயிற்று. சில மனைகள் நிலம் தாழ்ந்ததால் கடலின் அடிக்கே போய்விட்டன.

இந்த நிலையில்தான் 2005-ஆம் ஆண்டு, உலக வங்கி பொறுப்பேற்ற பல்தரப்பு நிதியின் ஆதரவில், நிலப் பதிவை மீட்டெடுக்கும் திட்டம் தொடங்கியது. அதன் நடைமுறை நமக்குப் பாடமாக அமையக்கூடியது. எஞ்சியவர்கள் தம் ஊரில் கூடினார்கள். அச்சே மொழியில் ஊரை 'கம்போங்' என்கிறார்கள். மலாயில் அது கம்போங். மலேசியத் தமிழில் நாம் கம்பம் என்கிறோம். அந்தக் கம்பத்து மக்கள் தாமே வரைபடம் தீட்டினார்கள். இது இன்னார் வீடு, இது கிணறு, இங்கே தென்னை நின்றது என்று ஒருவர் சொல்ல மற்றவர் ஒப்புக்கொண்டு, எல்லைக்கு இருபுறத்தாரும் கையொப்பமிட்டார்கள். அதன் பிறகே அதிகாரிகள் அளந்து பதிந்தார்கள்.

மாணவர்களே, ஆனைமங்கலத்துச் செப்பேட்டிலும் இதுவே நடந்தது. ஊரார் கூடி, பெண்யானையை நடக்கவிட்டு, கிழக்கெல்லை எது, தெற்கெல்லை எது என்று வாய்க்காலையும் வயலையும் பெயர் சொல்லிக் குறித்து, அதன் பின்னரே செம்பில் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் முறை ஒன்றுதான். முதலில் அறிந்தவர் வாயால் சொல்ல வேண்டும். பிறகு எழுத்து அதைக் காக்க வேண்டும்.

இத்திட்டம் குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 600,000 மனைகளுக்குப் பட்டா வழங்குவது இலக்கு. நிறைவேறியது 200,000-க்குச் சற்று மேல். கணவனும் மனைவியும் கூட்டாக உரிமை பெறும் ஏற்பாடு ஏட்டில் இருந்தும் மிகச் சில பட்டாக்களிலேயே பெண்ணின் பெயர் ஏறியது. பெயரை எழுதுவோர் எவரை முதலில் கேட்கிறார்களோ அவருடைய பெயரே ஏட்டில் ஏறும். ஆவணம் எழுதும் கை எப்போதும் நடுநிலையானது என்று நம்பிவிடக் கூடாது.

எண்களும் பெயர்களும்

நிலத்தின் கதை இவ்வாறு என்றால், மனிதரின் கதை இன்னும் கடினமானது. விமான நிலையம் செல்லும் வழியில் சிரோன் என்னுமிடத்தில் ஒரு பெரும் புல்வெளி இருக்கிறது. அங்கே 46,000-க்கும் மேற்பட்டோர் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கடற்கரை ஓரம் உலே லேயுவில், பழைய மருத்துவமனை வளாகத்தில், 14,000-க்கும் மேற்பட்டோர். நோய் பரவும் என்ற அச்சத்திலும் ஆள்வலு இல்லாத நிலையிலும் உடல்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண இயலவில்லை. எண்ணிக்கை உண்டு, பெயர்க்கல் இல்லை. உறவினர்கள் எந்தக் குழியில் தம்மவர் இருக்கிறார் என்று அறியாமலேயே அந்தப் புல்வெளியில் அமர்ந்து ஓதிச் செல்கிறார்கள்.

இந்தக் குறையை ஈடு செய்ய ஒரு முயற்சி நகரத்தின் நடுவே உள்ளது. ரிட்வான் காமில் வடிவமைத்து 2009-இல் திறந்து வைக்கப்பட்ட சுனாமி அருங்காட்சியகம் அது. நீர் வழியும் இரு சுவர்களுக்கிடையே இருண்ட குறுகிய பாதையில் நடந்து சென்றால், உயர்ந்த உருளை வடிவக் கூடம் ஒன்று வரும். அதன் சுவர் முழுவதும் இறந்தோர் பெயர்கள். உச்சியில் வெளிச்சத்தின் நடுவே இறைவன் பெயர். கல்லறையில் பொறிக்க முடியாமற்போன பெயர்களுக்கு இப்படி ஒரு சுவர் கிடைத்திருக்கிறது.

மீட்சிக்கும் எண்கள் உண்டு. 2005 ஏப்ரல் முதல் 2009 ஏப்ரல் வரை, குந்தோரோ மங்குசுப்ரோதோ தலைமையில் மறுவாழ்வு மறுகட்டுமான வாரியம் இயங்கியது. நான்கே ஆண்டுகளில், அச்சே நிலப்பகுதியிலும் நியாஸ் தீவிலுமாக ஏறத்தாழ 140,000 வீடுகளும் 1,700-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் எழுந்தன. முப்பது ஆண்டுக்கால உள்நாட்டுப் போரும் 2005 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹெல்சிங்கி உடன்பாட்டோடு ஓய்ந்தது. அந்த வாரியம் கலைந்தபோது அதன் கோப்புகளை எரிக்கவோ எடைக்குப் போடவோ இல்லை. ஒப்பந்தம், வரைபடம், ஒளிப்படம், மக்கள் எழுதிய முறையீடு என அனைத்தும் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கென்றே அச்சேயில் ஒரு கிளைக் காப்பகம் அமைந்தது. 2017-இல் இந்தோனேசியாவும் இலங்கையும் இணைந்து முன்மொழிய, இந்தியப் பெருங்கடல் சுனாமி ஆவணங்களை யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

நகரத்தில் இன்னொரு வகைப் பதிவும் இருக்கிறது. ஜப்பானின் உதவியோடு 80-க்கும் மேற்பட்ட கம்பங்கள் பள்ளிகளிலும் பள்ளிவாசல்களிலும் பொது இடங்களிலும் நடப்பட்டன. ஒவ்வொன்றின் உயரமும் அவ்விடத்தில் அலை எழுந்த உயரம். பள்ளி முற்றத்தில் நிற்கும் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று நூலின் துணையின்றி அறியலாம்.

ஏடு தவறிய இடம்

அன்பர்களே, இவ்வளவு பதிவுகளும் இருந்தும் 2012 ஏப்ரல் 11 அன்று நடந்ததைக் கேளுங்கள். சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பண்டா அச்சே மக்கள் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன. ஏறித் தப்புவதற்கென்றே கட்டியிருந்த உயர்மாடிக் கட்டடங்களை நாடிச் சென்றவர்கள் சிலரே. நல்வாய்ப்பாகப் பேரலை எழவில்லை. எழுந்திருந்தால், வாகன நெரிசலில் நின்றவர்களின் கதி என்னவாகியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அலை தாக்கிய கரையோரத்திலேயே வீடுகளை மீண்டும் கட்டினார்கள். வசதி உள்ளோர் நாளடைவில் உள்நிலத்துக்கு நகர, அங்கே மனை விலை ஏறிற்று. கரையோர வீடுகள் மலிந்தன; வாடகைக்கு வந்தவர்களுள் பலர் வெளியூரார், ஏழைகள், 2004-ஐக் கண்ணால் காணாதவர்கள். நினைவு உள்ளவர் நகர்ந்துவிட, நினைவு இல்லாதவர் அங்கே குடியேறினார். அவருக்கு அந்தக் கம்பம் விளக்குக் கம்பத்தைப் போல இன்னொரு கம்பமாகவே தெரியும், யாரேனும் அதன் கதையைச் சொன்னாலொழிய.

எனவே காப்பகத்தில் இருக்கும் ஆவணம் பாதிப் பணியையே செய்கிறது. மறுபாதியைச் செய்வது அன்றாடப் பேச்சு. இதற்குச் சான்று அச்சேக்குத் தெற்கே, கடலின் நடுவே உள்ள ஒரு சிறு தீவில் கிடைக்கிறது.

சுமோங்

சிமெலுவே தீவு 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. சில கரைகளுக்குப் பத்து நிமிடமளவிலேயே அலை வந்தது. எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. தீவில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர் எழுவர்.

காரணம் ஒரு சொல். 1907-ஆம் ஆண்டு அத்தீவைப் பேரலை ஒன்று தாக்கியது. எஞ்சியவர்கள் அந்நிகழ்வை 'சுமோங்' என்று தம் மொழியில் பெயரிட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பாட்டி பேரனுக்குச் சொன்னாள். பாட்டில் வைத்துப் பாடினார்கள். தாலாட்டிலும் அது இடம்பெற்றது. அச்சொல்லுக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருந்தன: நிலம் பெரிதாக நடுங்கும், கடல் பின்வாங்கும், உடனே மேட்டுக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து நிலம் நடுங்கியபோது யாரோ ஒருவர் 'சுமோங்' என்று கூவினார். ஊரே மலையேறியது. எழுதப்பட்ட ஆவணம் அங்கு இல்லை. ஆனாலும் அச்சொல் ஆவணத்தின் பணியை முழுமையாகச் செய்தது. நகரத்து அச்சே மொழியிலும் 'இயெ பெனா' என்று பேரலைக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது நகர வழக்கில் மங்கிப் போயிருந்தது.

நம் மொழியை எண்ணிப் பார்ப்போம். நமக்குக் 'கடல்கோள்' என்ற அரிய சொல் உண்டு. 'கொள்' என்னும் வினையின் முதல் நீண்டு 'கோள்' ஆயிற்று. கடல் கொண்டது என்பது பொருள். இறையனார் அகப்பொருள் உரை சங்கம் இருந்த நிலத்தைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்த சொல். ஆனால் அது நூலில் இருந்தது, கரையில் இல்லை. கடல் பின்வாங்கினால் ஓடு என்ற செய்தியை அது தாங்கி வரவில்லை. நாகப்பட்டினத்துக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பினாங்குக்கு வரப் பிற்பகல் ஆயிற்று. அவகாசம் சிமெலுவேக்குக் கிடைத்ததைவிடப் பன்மடங்கு. சொல் இல்லாத இடத்தில் அவகாசம் பயன்படவில்லை. அந்த அலைக்குப் பிறகு நம் வாயில் ஏறியது ஜப்பானியரின் 'சுனாமி': துறைமுக அலை. பின்னர் 'ஆழிப்பேரலை' என்று அழகாக ஆக்கினோம். கலைச்சொல் ஆக்குவதில் நமக்கு ஆர்வம் மிகுதி. நானும் அவ்வகுப்பைச் சேர்ந்தவனே. ஆயினும் ஒரு சொல் எவ்வளவு தூயது என்று கேட்பதோடு, அச்சொல்லைக் கேட்ட குழந்தை என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும்.

சொல்லும் ஏடும் இரண்டுமே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அச்சேக் கரையே சான்று. 1394-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு பேரலை தாக்கியது என்று அண்மைக்கால ஆய்வு கண்டறிந்துள்ளது. சிமெலுவே கடலோரப் பவளப்பாறைகள் நில அசைவின் காலத்தைக் காட்டின. கரை நெடுகக் கிடைத்த பானையோடுகளும் பழைய கல்லறைக் கற்களும் மனிதக் கதையைக் காட்டின. தாழ்நிலச் சிற்றூர்கள் அழிந்தன. உயர்ந்த மேட்டில் இருந்த இலாமுரிக் குடியிருப்பு தப்பியது. பின்னர் அந்தத் தாழ்நிலங்களில் புதியவர்கள் குடியேறினார்கள். அங்கேதான் அச்சே சுல்தானகம் எழுந்து பேரரசாயிற்று. அந்தப் பேரலையைப் பற்றி எழுத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. அது மறந்துபோன மண்ணின் மீதுதான் 2004-இல் ஒரு மாநகரம் நின்றுகொண்டிருந்தது.

நம் மண்ணில்

இனி நம் ஊருக்கு வருவோம். சிலிம் ரிவரிலிருந்து தெற்கே, சிலாங்கூர் எல்லையைத் தாண்டினால் கோலக்குபு. 1883 அக்டோபர் 29 அன்று அங்கே பழைய அணை உடைந்து ஊரை அழித்தது. 1926 பெருவெள்ளத்துக்குப் பின் ஊரையே இடம் மாற்றி, இன்றைய கோலக்குபு பாருவை அமைத்தார்கள். அணை உடைந்ததைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் அங்கே இறந்த ஆங்கில அதிகாரி சிசில் ரேங்கிங்குடையது. வெள்ளை முதலையைச் சுட்டதால் ஆறு சினங்கொண்டது என்ற கதையும் மக்களிடம் உண்டு. அவரோடு இறந்த ஏனையோரின் பெயர்களை நம் பிள்ளைகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. 1996 ஆகஸ்டு 29 அன்று கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடி ஊரை மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் மூழ்கடித்தது, 44 உயிர்கள். பேராக் மாநிலத்தில் நடந்த இந்தப் பெருந்துயரைப் பற்றி நம் தமிழ் வகுப்பறையில் ஒரு பத்தியாவது எழுதச் சொல்லியிருக்கிறோமா?

நிலம் நடுங்காமலும் ஊர் அழியும். அதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 1950-களில் தொடங்கித் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதற்கு விடையாகத்தான் பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன. கோயில்கள் இடம் பெயர்ந்தன. பள்ளிகள் வேறிடம் சென்றன. நில அலுவலகத்தில் தோட்டத்தின் பரப்பளவு இருக்கும். உரிமையாளர் பெயர் இருக்கும். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த நிரையை யார் வெட்டினார், ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டியின் பெயர் என்ன என்பவை அங்கே இரா.

தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்க, நம் மக்கள் வைத்த பெயர் வேறொன்றாக இருக்கும். அந்தப் பெயர் வரைபடத்தில் இல்லை. பெரட்டு, கிராணி, காண்டா வாளி, ஒட்டுப்பால் என்ற சொற்களை இன்றைய மாணவர் அகராதியில் தேடவேண்டியிருக்கிறது. பல அகராதிகளில் அவை கிடைப்பதுமில்லை. சொல் போனால் அச்சொல் சுட்டிய உழைப்புக்குச் சாட்சியும் போகும். இழப்பீடு, மாற்று வீடு, கோயில் நிலம் என்று வழக்கு எழும்போது, எங்கள் தாத்தா இங்கே இருந்தார் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆண்டு முதல், எந்த லயத்தில், அருகே யார் என்று சொல்ல வேண்டும். பண்டா அச்சேயில் எஞ்சியவரிடம் கேட்கப்பட்டதும் இதே கேள்வி.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் என் வேண்டுகோள் மிக எளியது. அவரவர் குடும்பம் இருந்த தோட்டத்தின் வரைபடத்தை, அங்கே வாழ்ந்த மூத்தவரை அருகில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். பெரட்டுக் களம், ஸ்டோர், கோயில், கிணறு, பள்ளி, லயத்தின் வரிசை என ஒவ்வொன்றையும் குறியுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் குடும்பப் பெயரை எழுதுங்கள். ஊரார் அழைத்த பட்டப்பெயரையும் மரியாதையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களைத் தனியே கேளுங்கள், ஏனெனில் ஆண்கள் சொல்லும் பட்டியலில் அவர்கள் பெயர் பெரும்பாலும் விடுபடும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் யார், என்று சொன்னார் என்றும் குறியுங்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், நூல்வழக்குக்குத் திருத்தாதீர்கள். 'ஆயக்கொட்டகை' என்று அவர் சொன்னால் அதைக் 'குழந்தைகள் காப்பகம்' என்று மாற்றிவிட்டால், அந்தக் கொட்டகை இரண்டாம் முறையும் இடிக்கப்பட்டதாகும்.

எழுதியதில் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். இன்னொன்றை வேறிடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் இருந்த ஏடுகளுக்கு நேர்ந்ததைத்தான் சற்றுமுன் பார்த்தோம். பிறகு, எழுதி வைத்ததோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை உரக்கப் படியுங்கள். சபை கூடும் நாளில் ஒரு மாணவர் எழுந்து, தம் பாட்டியின் லயத்தில் இருந்த வீடுகளை வாசல் வாசலாகப் பெயர் சொல்லட்டும். தவறு இருந்தால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் திருத்துவார். அவர் இருக்கும்போதே அதைச் செய்வோம்.